வாடுகிறோம் என்று எழுதியவன்

பாளையங்கோட்டையில் வீட்டுக்கே மளிகை கொண்டுவந்து தரும் ஒரு செயலி நிறுவனத்தில் எனக்கு வேலை. மூன்று நாள் செயலியைத் திறக்காதவர்களின் போனுக்குத் தானாகப் போகும் செய்திகளை நான் எழுத வேண்டும். ‘உங்களைக் காணாமல் வாடுகிறோம். எப்போது வருவீர்கள்?’ என்று ஒன்று எழுதியபோது மேலாளர் தோளில் தட்டிக்கொடுத்தார்.

ஒரு நாள் முற்பகல், மேலப்பாளையத்தில் வீட்டிலேயே தையல் தைக்கும் ஒரு பெண் எங்கள் மாடியேறி வந்தார். துபாயிலிருந்து விடுப்பில் வந்திருந்த கணவர் இவர் போனில் அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டாராம். கடையிலிருந்து வந்தது என்று இவர் சொல்லியும் நம்பவில்லை. எந்தக் கடைக்காரன் வாடுவான் என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான்.

“ரெண்டு நாளா அவுக பேசல தம்பி. எழுதுன ஆளு கீழ வந்து ஒரு வார்த்த சொல்லணும்” என்றார்.

இறங்கிப் போனேன். கணவர் பைக்கில் சாய்ந்து நின்றிருந்தார். எழுதியது நான்தான் என்றேன். யாருக்கு என்றார். செயலி வைத்திருக்கும் எல்லாருக்கும் என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். “எல்லாரையும் நெனச்சா வாடுதீரு?”

அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். எனக்குத்தான் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

செய்தி வராமல் நிறுத்தித் தரச் சொன்னார்கள். நிறுத்தும் பொத்தானை யாரும் எளிதில் கண்டுபிடிக்கக் கூடாதென்று ஒளித்துவைத்த குழுவில் நானும் இருந்தேன். ஆனாலும் தேடத் தேட அகப்படவில்லை. திரைக்குத் திரை ஓர் அழுமூஞ்சிப் படம், ‘உண்மையாகவே எங்களைப் பிரிகிறீர்களா?’ என்று கேட்டது. ஒவ்வொன்றையும் கணவர் வாய்விட்டுப் படித்தார். வெயிலில் சட்டை நனைந்த பிறகு ஒருவழியாக நிறுத்தினேன். இருவரும் ஒரே பைக்கில் போனார்கள்.

நடந்ததை மேலாளரிடம் சொன்னேன். ஒரு குடும்பத்தையே பேச வைத்திருக்கிறதே என்று மகிழ்ந்து, அதே செய்தியை இனி தினமும் அனுப்பச் சொன்னார். அன்று சாயங்காலம் யாரையும் கேட்காமல் நிறுத்தும் பொத்தானை முதல் திரைக்குக் கொண்டுவந்தேன். மேலிடம் கவனிக்கப் பத்து நாள் ஆனது. அதற்குள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் செய்திகளை நிறுத்தி எங்களிடமிருந்து நிம்மதியாகப் பிரிந்துவிட்டார்கள். மளிகை வாங்குவதை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

தண்டனையாக என்னை விதிமுறைகளும் நிபந்தனைகளும் எழுதும் பிரிவுக்கு மாற்றினார்கள். நாள் முழுக்க எழுதுகிறேன். ஒருவரும் படிப்பதில்லை. ஒருவர் நேரத்தையும் வீணாக்காத எழுத்து.