மூன்றாம் ஓலையும் பளபளக்கும் பாத்திரங்களும்

கிழக்குத் தாம்பரத்தில் ரயில் பாதையை ஒட்டிய தேவாலயத்தில், ஞாயிறு பூசை முடிவில் மைக்கைப் பிடித்து அறிவிப்பு வாசிப்பவர் சவுரிமுத்து. தொலைந்துபோன ஸ்கூட்டர் சாவி, ரத்ததான முகாம், ஜெபக் கூட்டம் எல்லாம் அவர் குரலில்தான் ஜனங்கள் காதில் விழும். கல்யாண ஓலையும் அப்படித்தான். இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். பதினாலு வருடமாக வாசிக்கிறார். ஒருவரும் வந்து ஒரு தடையும் சொன்னதில்லை. கல்யாணம் முடிந்த பிறகுதான் அது பலருக்கு ஞாபகம் வரும்.

மற்ற ஆறு நாளும் மறைமலை நகரில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் அவருக்குக் குவாலிட்டி செக்கிங் வேலை. முடியளவு கீறல் இருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிவிடுவார்.

ஆனால் அவருடைய நிஜப் புகழ் வேறு. கல்யாணம் நிச்சயமான ஜோடிகளுக்குப் பங்கில் வருடா வருடம் ஒரு சனிக்கிழமை மாலை வகுப்பு நடக்கும். அதில் கடைசிப் பேச்சு சவுரிமுத்துவுடையது. "நான் இருபத்தொண்ணுல கட்டினேன். என் சம்சாரத்துக்குப் பத்தொன்பது. இன்னிக்கு எனக்கு நாப்பத்திநாலு. என்கூடப் படிச்சவன் எல்லாம் எல்.கே.ஜி. வேன் பின்னாடி டிபன் டப்பாவைத் தூக்கிகினு ஓடுறான். நான்? ஃப்ரீ!" என்று இரண்டு கையையும் விரிப்பார். கைதட்டலில் ஃபேன் சத்தம் அமுங்கிப்போகும். அந்த நேரத்தில் அவர் மனைவி ரத்தினபாய் பின்னால் சமோசா எண்ணிக்கொண்டிருப்பாள்.

இப்படி ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் அவசரப்படுத்திக்கொண்டிருந்தவரிடம், போன மாதம் அவர் மகள் சினேகா வந்து நின்றாள். வயது இருபத்திரண்டு. குரோம்பேட்டையில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை. பையன் பெயர் ஜோஷ்வா, அனகாபுத்தூர், விமான நிலையத்தில் சரக்குப் பிரிவு, வயது இருபத்திநாலு.

"இருபத்திரண்டு ஒரு வயசா? இன்னும் சாப்பாட்டுல கறிவேப்பிலையைப் பொறுக்கி ஓரம் கட்டுற பொண்ணு நீ!"

சினேகா போனை எடுத்து ஒரு வீடியோவைத் தட்டினாள். 'நான்? ஃப்ரீ!' என்றது போன்.

"இது யார் வாய்ஸ்பா?"

"எக்கோ ஜாஸ்தியா இருக்கு. சரியாத் தெரியல" என்றார் சவுரிமுத்து.

ஜோஷ்வாவை வீட்டுக்கு அழைத்து, கம்பெனியில் உதிரி பாகத்தைத் திருப்பிப் பார்ப்பதுபோல் பார்த்தார். பையன் குடிப்பதில்லை. கடன் இல்லை. ஹெல்மெட்டுக்குப் பட்டைகூட மாட்டினான். ஒட்ட இடமில்லாமல் சிவப்பு ஸ்டிக்கர் அவர் மனதிலேயே காய்ந்தது. வாய் திறந்து வேண்டாம் என்று சொல்ல முடியாது, பதினாலு வருடப் பேச்சு குறுக்கே நிற்கிறது. இரண்டு குடும்பமும் பேசி முடித்துவிட்டன. பாக்கி இருந்தது மூன்று ஓலை. வாசிக்க வேண்டியவரும் அவர்தான். தடுப்பதென்றால் அங்கேதான் தடுக்க வேண்டும்.

முதல் ஞாயிறு இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டினார். ரத்ததான முகாமிலிருந்து நேராக மறைக்கல்விப் பிள்ளைகளின் பிக்னிக்குக்குப் போய்விட்டார்.

"சவுரி, நடுவுல ஒண்ணு விட்டுப்போச்சு" என்றார் நாற்காலியிலிருந்து ஃபாதர் ஆரோன்.

சவுரிமுத்து தாளைப் பின்னால் புரட்டி, சானடோரியம் ஸ்டேஷனில் நிற்காத எக்ஸ்பிரஸ் ரயில் மாதிரி அந்த ஓலையைக் கடந்தார். தன் பெயர் வந்ததும் போனதும் சினேகாவுக்கே தெரியவில்லை.

அன்று முதல் வீட்டில் ஒரு விசேஷம் நடந்தது. சினேகா ஆபீசிலிருந்து வந்ததும் வராததுமாகச் சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் தேய்த்தாள். ஏற்கனவே தேய்த்து அடுக்கியதையும் இறக்கித் தேய்த்தாள். சாம்பார் குண்டானில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம். "இப்படிப் பொறுப்பா வேலை செய்யுற பொண்ணை எப்படி அனுப்புறது?" என்று சவுரிமுத்து கலங்கினார். ரத்தினபாய் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

புதன்கிழமை கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக ஃபாதர் ஆரோனிடம் போனார்.

"ஒரு தடை சொல்லணும் ஃபாதர்."

ஃபாதருக்கு உற்சாகம் தாங்கவில்லை. சர்வீசில் முதல் தடை. "உட்காரு, உட்காரு. இன்னா தடை?"

"வயசு."

"பொண்ணுக்கு இருபத்திரண்டு. உன் சம்சாரத்துக்கு அப்ப எவ்ளோ?"

"அது வேற ஃபாதர். அப்ப எனக்கு அறிவு இல்ல."

"அதை எழுதிக் குடு. சாட்சி ரெண்டு பேர் கையெழுத்து வேணும்."

முதல் சாட்சிக்கு டேனியலைப் பிடித்தார். ஆறு வருடத்துக்கு முன் இவர் பேச்சைக் கேட்டு இருபத்திரண்டு வயதில் மாலை மாற்றிக்கொண்டவன். இப்போது இரட்டைக் குழந்தைகள்.

"இன்னாண்ணா, வயசு பத்தாதுன்னு நான் சாட்சி சொல்லணுமா? எனக்கு ஓலை வாசிச்சப்ப நீதானே மைக்ல இருந்தே? அப்ப இருமியாவது காட்டியிருக்கலாமே!"

அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலையை இருமிக்கொண்டே வாசித்தார். வீட்டுக்கு வந்ததும் ரத்தினபாய் கதவைச் சாத்தினாள்.

"யோவ். சாட்சி தேடுறியாமே. என்னை ஏன் கேக்கல?"

"நீ போடுவியா?"

"உனக்கு எதிரா நாலு கையெழுத்து போடுவேன். பொண்ணு சின்னதுன்னா பயப்படுறே? இது போயிட்டா வூட்டுல நீயும் நானும்தான். கட்டினப்ப உன் அம்மா, ரெண்டு தம்பிங்க. அடுத்த வருஷம் இவ. நாம ரெண்டே பேர் ஒரு வூட்டுல ஒரு நாள் இருந்திருக்கோமா? அதான் உனக்கு பேஜாரா கீது."

சவுரிமுத்து யோசித்துப் பார்த்தார். கீறல் சரியாக அங்கேதான் இருந்தது.

"சனிக்கிழமை கிளாஸ்ல இந்த வாட்டி நான் பேசுறேன். சமோசாவை நீ எண்ணு" என்றாள் ரத்தினபாய்.

சனிக்கிழமை ஒன்பது ஜோடிகள். மூன்றாவது வரிசையில் சினேகாவும் ஜோஷ்வாவும். ரத்தினபாய் மைக்கைத் தட்டிப் பார்த்தாள்.

"சீக்கிரம் கட்டுறது நல்லதுன்னு இவரு வருஷா வருஷம் சொல்றாரு. என்னை யாரும் கேட்டதில்ல. எனக்கு டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சை. அன்னிக்குப் பார்த்து மசக்கை, வாந்தி. பரீட்சை போச்சு. சரி அடுத்த வருஷம் எழுதலாம்னு பார்த்தா, அதுக்குள்ள ஊருல டைப்ரைட்டரே போச்சு. அதனால எனக்கு நஷ்டமா லாபமான்னு இன்னி வரைக்கும் தெரியல. லேட்டா கட்டியிருந்தா இவரை நல்லா பார்த்துக் கட்டியிருப்பேன். நல்லா பார்த்திருந்தா கட்டியே இருக்க மாட்டேன். அப்புறம் இந்தப் பொண்ணு ஏது?"

கூட்டம் சிரித்தது. சவுரிமுத்து சமோசா எண்ணிக்கையை விட்டுவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்.

"வயசை விடுங்க. ஒரே ஒரு கேள்வி கேக்குறேன். ஜோஷ்வா, எழுந்திரு. சினேகாவுக்குக் கோவம் வந்தா இன்னா பண்ணும்?"

ஜோஷ்வா எழுந்து சினேகாவைப் பார்த்தான். அவள் குனிந்துகொண்டாள்.

"கத்தாது ஆன்ட்டி. பேசாம பாத்திரம் தேய்க்கும். தேய்ச்ச பாத்திரத்தையே தேய்க்கும். ரெண்டு வாரமா கை எல்லாம் சோப்பு அரிச்சிருக்கு."

சவுரிமுத்துவின் கையில் இருந்த சமோசா தட்டில் விழுந்தது. பளபளத்த குண்டான்கள், டம்ளர்கள், இட்லித் தட்டுகள் எல்லாம் வரிசையாக அவர் கண்முன் வந்து நின்றன. பத்தாம் வகுப்புக் கணக்கில் மார்க் குறைந்ததற்கு இவர் திட்டியபோது தேய்த்தாள். காலேஜ் டூருக்குப் பணம் தராதபோது தேய்த்தாள். அப்போதெல்லாம் நல்ல பிள்ளை என்று மெச்சியிருக்கிறார். முடியளவு கீறலைப் பிடிக்கிற கண், இருபத்திரண்டு வருடமாக வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தது?

மறுநாள் மூன்றாம் ஓலை. இருமல் இல்லை. மகள் பெயரை நிறுத்தி, நிதானமாக, கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி வாசித்தார். "தடை தெரிந்தவர்கள்" என்ற இடம் வந்ததும் நின்றுவிட்டார். விஷயம் ஊருக்கே தெரியும் என்பதால் ஒரு குழந்தைகூட அழவில்லை. ஃபாதர் ஆரோன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"பங்குத் தந்தையிடம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்று முடித்துவிட்டு, தாளில் இல்லாத ஒன்றையும் சேர்த்தார்: "நான் நல்லாத் தேடிட்டேன். ஒண்ணும் கெடைக்கல."

கல்யாணம் நடந்தது. சினேகா அனகாபுத்தூருக்குப் போனாள். வியாழக்கிழமை மாலை கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்த சவுரிமுத்துவின் காதில் சமையலறையிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் விழுந்தது. எட்டிப் பார்த்தார். இருந்தது இரண்டு பேர், சாப்பிட்டது இரண்டு தட்டு. ரத்தினபாய் பரணிலிருந்த பிரியாணி அண்டாவை இறக்கித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மகளுக்கு இந்த வித்தை எங்கிருந்து வந்தது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பையைக் கீழே வைத்துவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் இன்னா தப்பு பண்ணேன்?"

ரத்தினபாய் திரும்பவில்லை. தேய்க்கும் வேகம் மட்டும் கொஞ்சம் குறைந்தது.

"எந்த வருஷத்துலேர்ந்து சொல்லட்டும்?"