தெற்கே தலை வைத்துப் பார்க்கும் டிவி

அப்பா யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் நின்று ஒரு கணம் அண்ணாந்து பார்ப்பார். கேபிள் எந்தப் பக்கமாக உள்ளே போகிறது என்று தெரிந்த பிறகுதான் செருப்பைக் கழற்றுவார். கல்யாண மண்டபத்திலும் அப்படித்தான். சின்ன வயதில் எனக்கு வெட்கமாக இருக்கும். கையைப் பிடித்து உள்ளே இழுப்பேன்.

மாதப்பன் என்று அப்பா பெயரைச் சொல்லிக் கேட்டால் எங்கள் மண்டி மொஹல்லாவில் பலருக்குத் தெரியாது. கேபிள் மாதப்பா என்றால் தெரியும். ராமாபுரத்திலிருந்து மைசூருக்கு வந்து, மாடிக்கு மாடி ஒயர் இழுத்து, என்னை பி.காம் படிக்க வைத்தவர். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். வேலைக்கு இன்னும் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன மழைக்காலத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். பேசவும் இல்லை. பேச்சு வரலாம், முகத்தை இந்தப் பக்கம் திருப்ப வையுங்கள், எதையாவது பார்க்க வையுங்கள் என்றார் டாக்டர். பழைய டப்பா டிவியில் படம் மங்கிப்போயிருந்தது. புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்றாள் அம்மா. எது என்று நான்தான் சொல்ல வேண்டும். படித்தவள் அல்லவா.

படித்தவள் செய்ததெல்லாம் மொபைலில் விமர்சனங்களைப் படித்ததுதான். படிக்கப் படிக்கக் குழப்பம் கூடியது. எங்கள் அறை நீளமானது, குறுகலானது. டிவி வைக்க இருப்பது நீளச் சுவரின் வடக்குக் கோடியில் ஓர் அலமாரி மட்டும். வீட்டுக்காரர் ஆணி அடிக்க விடமாட்டார். எதிரே உள்ள நீளச் சுவரை ஒட்டிக் கட்டில். அப்பாவின் தலை தெற்கே. அங்கிருந்து பார்த்தால் டிவி ரொம்பச் சாய்வாகத் தெரியும்.

"தலைமாட்டை வடக்க மாத்திட்டா நேரா தெரியும்மா. எந்த டிவி வேணும்னாலும் வாங்கலாம்" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அன்று முழுக்க அம்மா என்னிடம் பேசவில்லை. வடக்கே தலை வைத்தால் ஆயுசு குறையும் என்பதை நான் நம்புவதில்லை. ஆனால் அப்பாவைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்லும் தைரியம் வரவில்லை. நம்பவில்லை என்பதுகூட உண்மைதானா என்று தெரியவில்லை.

கடையில் வாமன் என்ற பையன் எங்களைப் பிடித்துக்கொண்டான்.

"இது பாருங்க மேடம். கறுப்புன்னா மை மாதிரி கறுப்பு."

நேரே நின்று பார்த்தால் அற்புதமாக இருந்தது. பக்கவாட்டில் நான்கு அடி தள்ளிப் போனதும் நடிகையின் முகம் வெளுத்தது. பக்கத்தில் இருந்த இன்னொரு வகையில் எங்கிருந்து பார்த்தாலும் நிறம் மாறவில்லை. ஆனால் கறுப்பு சாம்பலாக இருந்தது. இரண்டு குறையும் இல்லாத ஓஎல்இடி டிவி மூலையில் மின்னியது. அதன் விலை அட்டையை அம்மா ஒருமுறைதான் பார்த்தாள்.

"நின்னுட்டுப் பாத்தா எல்லாம் நல்லாத்தான் இருக்குது. உங்கப்பா படுத்துட்டல்லோ பாப்பாரு? கண்ணு, நீ கீழ படு."

"அம்மா! எல்லாரும் பாக்கறாங்க."

"பாத்தாப் பாக்கட்டும். பி.காம் படிச்சவ தரையில படுக்கக் கூடாதுன்னு சட்டமா?"

நான் துப்பட்டாவை விரித்தேன்.

"இரு இரு. ஏப்பா, தெக்கு எந்தப் பக்கம்?"

வாமன் மொபைலில் திசை பார்த்தான். "பில் கவுண்டர் பக்கம்மா."

"அப்ப அங்க தலைய வெய்யி."

"இது கடைம்மா!"

"கடைன்னா? வீட்ல ஒருத்தர் கெடக்கறது போதாதா?"

நான் தெற்கே தலை வைத்துப் படுத்தேன்.

"மேடம், தலகாணி தரட்டுமா? டிவியோட ஃப்ரீ" என்றான் வாமன். அம்மாவே சிரித்துவிட்டாள்.

அங்கிருந்து பார்த்தபோது மை போன்ற கறுப்பு வெறும் புகையாகத் தெரிந்தது. நிறம் மாறாததையே வாங்கினோம்.

அது வந்த பிறகும் அப்பா சுவரைத்தான் பார்த்தார். சாம்பல் கறுப்பைத் தேர்ந்தெடுத்தது நான்; அதனால்தானோ என்று தோன்றும். அவர் தலைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, நிறம் சரியாகத் தெரிகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள்.

ஒரு மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"கொற."

அப்பா இந்தப் பக்கம் திரும்பியிருந்தார். ஓடிப்போய் ஒலியைக் குறைத்தேன். அவர் முகம் சுளித்தது. இடது கையைக் கண்களுக்கு மேல் வைத்துக் காட்டினார். கடையில் பளிச்சென்று தெரிய வைத்திருந்த வெளிச்சம் அப்படியே இருந்திருக்கிறது. பாதியாகக் குறைத்தேன். முகம் தளர்ந்தது. அம்மா கரண்டியோடு வந்து நின்று அழுதாள்.

சத்தம் கேட்டுக் கீழ்வீட்டு மல்லம்மா வந்தார். எங்கள் பழைய டிவி இப்போது அவரிடம். புது டிவி வாங்கினால் பழையது உங்களுக்குத்தான், கேபிள் லைனும் நானே இழுத்துத் தருகிறேன் என்று அப்பா எப்போதோ வாக்குக் கொடுத்திருந்தார். டிவி அவர் வீட்டுக்குப் போய்விட்டது, லைன் போகவில்லை.

"மாதப்பண்ணா, நம் லைன் யாவாக?" என்று மல்லம்மா சிரித்தபடி கன்னடத்தில் கேட்டார். அவர் வீட்டு லைன் எப்போது என்று.

எனக்குச் சங்கடமாகிவிட்டது. "அப்பாவோட வேலை செஞ்ச முனிராஜ் அண்ணன் இருக்காங்க. இன்னிக்கே வரச் சொல்றேன், ஆன்ட்டி."

"யாரையும் கூப்பிடாத" என்றாள் அம்மா.

"பாவம்மா, எத்தனை நாள் சும்மா வெச்சிருப்பாங்க?"

"வார்த்தை குடுத்தவரு அவரு. எந்திரிச்சுப் போயி அவரே போட்டுக் குடுப்பாரு."

"பிடம்மா, நானு காய்த்தீனி" என்றார் மல்லம்மா. பரவாயில்லை, காத்திருப்பாராம்.

அப்பா டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. அன்றிலிருந்து முனிராஜ் அண்ணன் எண்ணை மொபைலில் எடுப்பேன், வைத்துவிடுவேன். மல்லம்மாவின் வீட்டுக்கு இன்னும் லைன் போகவில்லை.