நாலு தசம் ஒன்று ஒன்று

மாமா, அதாவது அம்மாவின் ஒரே தம்பி, அமெரிக்காவில் வேகத்துக்கென்றே செய்த பழைய மசில் கார் ஒன்றை வாங்கிக்கொண்டு டென்மார்க்கில், டோஸ்ட்ருப்பில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, அம்மா யன்னல் திரையை இழுத்து மூடிவிட்டார். பொம்பிளை தேடிக்கொண்டிருக்கும் ஒருவன் வாங்குகிற சாமானா அது? சிவப்பு நிறம், இரண்டே கதவு, எட்டு சிலிண்டர். பின் அச்சுக்குள் இருந்த பல்லுச் சக்கரங்கள் தேய்ந்துபோய் ஓயாமல் முனகின. அவற்றை மாற்றியாக வேண்டும். எதைப் போடுவது என்பதில்தான் சண்டை தொடங்கியது.

இஞ்சின் பக்கத்துத் தண்டு எத்தனை முறை சுற்றினால் பின் சில்லு ஒரு முறை சுற்றும் என்பதுதான் அந்தக் கணக்கு. எண் பெரிதென்றால் கார் பாய்ந்து கிளம்பும். ஆனால் நெடுஞ்சாலையில் இஞ்சின் கதறும். எண் சிறிதென்றால் சோம்பேறித்தனமாகக் கிளம்பும். தூரப் பயணத்தில் சத்தமில்லாமல் ஓடும். மாமாவுக்கு வேண்டியது நாலு தசம் ஒன்று ஒன்று, அதாவது 4.11. அப்பா சொன்னது இரண்டு தசம் ஏழு மூன்று. அப்பா பஸ் ஓட்டுகிறவர். எந்த வாகனத்தைப் பார்த்தாலும் அதற்குள் பயணிகள் இருப்பதாகவே நினைப்பார்.

"தம்பி, நீ றேஸ் ஓடப் போறியோ, குடும்பம் நடத்தப் போறியோ?"

"அத்தான், இது பஸ் இல்லை."

அந்தக் குளிர்காலம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு இப்படியே போனது. நான் மாமாவின் கட்சி. கடைசியில் மாமா தன் விருப்பப்படியே போட்டார். பச்சை விளக்கு விழுந்ததும் கார் பாய்ந்த பாய்ச்சலில் என் தலை இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. இதைவிடப் பெரிய சந்தோஷம் உலகத்தில் இருக்கும் என்று நான் நம்பவில்லை.

வசந்தத்தில், மேற்குக் கரையில் இருக்கும் எஸ்பியர்க்கிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. முன்பு வந்தவை எல்லாம் ஏதோவொரு காரணத்தால் தட்டிப்போயிருந்ததால், அம்மா இதை விடுவதாக இல்லை. புறப்படுகிற அன்று பார்த்து அப்பாவின் காரில் பற்றரி செத்துப்போனது. பட்டுச்சேலையோடு அம்மா சிவப்புக் காரின் பின் இருக்கைக்குள், என் பக்கத்தில், ஒருவாறு மடங்கி ஏறினார்.

நெடுஞ்சாலையில் ஏறியதும் இஞ்சின் கதறத் தொடங்கியது. கடல் மேல் போகும் பெரிய பாலத்தைத் தாண்டுவதற்குள் எங்களுக்குக் காது அடைத்துவிட்டது. "மெல்லப் போ!" என்று அம்மா கத்தினார். மாமாவுக்கு அது "நல்லாப் போ" என்று கேட்டது போலும். அக்கா மனம் மாறிவிட்டாள் என்ற பூரிப்பில் இன்னும் அழுத்தினார். அப்பா முன் இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டார்.

எஸ்பியர்க்கில் இறங்கியபோது ஒருவருக்கும் காது சரியாகக் கேட்கவில்லை. எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்பது எங்களுக்குத் தெரியாததுதான் சிக்கல். "தேத்தண்ணி நல்லாயிருக்கு!" என்று அப்பா போட்ட சத்தத்தில் பொம்பிளையின் தாய் ஓரடி பின்வாங்கினார். அம்மா குசலம் விசாரித்தது சண்டைக்கு இழுப்பதுபோல் இருந்தது. பொம்பிளையின் தகப்பன் மட்டும் நிதானமாக மாமாவிடம் கேட்டார்:

"தம்பிக்கு எத்தினை சகோதரங்கள்?"

மாமாவின் காதில் 'எத்தினை' மட்டும்தான் விழுந்திருக்க வேண்டும். முகம் மலர்ந்துவிட்டது.

"நாலு தசம் ஒண்டு ஒண்டு!" என்று கூவினார்.

அதுவரை குனிந்திருந்த பொம்பிளை நிமிர்ந்து பார்த்தார். ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவர் என்று சொல்லியிருந்தார்கள். எழுந்து வந்து மாமாவின் காதருகே குனிந்து, எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார்:

"நாலு பேர் சரி. அந்தத் தசம் ஒண்டு ஒண்டு ஆர்? இந்தச் சின்னப்பிள்ளையோ?"

நான் முழு ஆள், தசமில்லை என்று டேனிஷில் கோபமாகச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் சிரித்த சிரிப்பில் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மாமா ஒன்றும் விளங்காமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

யோசித்துச் சொல்வதாகத் தகப்பன் சொன்னார். திரும்பும் வழியெல்லாம் அம்மா அழுதார் என்று நினைக்கிறேன், சத்தம் கேட்கவில்லை.

அடுத்த மாதமே மாமா பின் அச்சைக் கழற்றி இரண்டு தசம் ஏழு மூன்றைப் போட்டார். "நான் அப்பவே சொன்னனான்" என்று அப்பா நெஞ்சை நிமிர்த்தினார். மாமாவோ, "ஓம் அத்தான், நீங்கள் சொன்னதுதான் சரி" என்றார். என்னால் தாங்க முடியவில்லை. விளக்கடியில் இப்போது பேக்கரியின் பாண் வான்கள்கூட எங்களை முந்தின. வாய்ச்சண்டையில் ஒருநாளும் விட்டுக்கொடுக்காத மனிதர் ஒரு பஸ்காரரிடம் இப்படியா தோற்பது?

சனிக்கிழமைகளில், தூரப் பயணத்துக்குப் புதுப் பல்லுச் சக்கரம் எப்படி என்று பார்த்துவர வேண்டும் என்று சொல்லி, மாமா தனியாக மேற்கே போகத் தொடங்கினார். நானும் வருகிறேன் என்றால் சொக்கிலேட் தந்து சமாளிப்பார். கோடை முடிந்த பிறகும் அந்தப் பரிசோதனை முடியவில்லை. அம்மாவும் ஏனோ அவரை ஒன்றும் கேட்காமல், போகும்போது கையில் பலகாரப் பெட்டி ஒன்றைக் கொடுத்துவிடத் தொடங்கியிருந்தார். அமெரிக்கச் சாமான், சரிபார்க்க நாளெடுக்கும்தான் என்று நான் என்னைத் தேற்றிக்கொண்டேன். பல்லுச் சக்கரம் பார்க்கப் போகிறவர் எதற்காக மினுக்கிய சட்டை போட்டு, சென்ட் பூசிக்கொண்டு போகிறார் என்று மட்டும் எனக்குத் தோன்றவேயில்லை.