தண்ணீர் பிரித்த சீமெண்ணெய்

கொல்லிமலையில் சீமெண்ணெய்க் கடை போட்டு நிலைத்தவன் நான். பள்ளிக்கூடம் போனது கொஞ்ச நாள்தான். மூளை நிறைய இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து தலைச்சுமையாக டின்களை மலைமேல் செம்மேட்டுக்கு ஏற்றினோம். ஓடையில் சுமைக்காரர்கள் வழுக்கி விழுந்து, டின்களுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. மறுநாள் சந்தை, கடை திறப்பு. வேறு சரக்கும் இல்லை.

கூட வந்த மாமனார் சிரித்தார். "ஏனுங்க மாப்ளே, தண்ணிய ஊத்தியா வெளக்கு எரிப்பாங்க? கொட்டிப்போட்டுக் கீழ வாங்க. என்ற காட்டுல ஏர் ஓட்டலாம்."

"விடியட்டுங்க மாமா" என்றேன்.

எல்லாவற்றையும் ஒரு பீப்பாயில் ஊற்றி, அசைக்காமல் வைத்தேன். காலையில் அடியிலிருந்த மர ஆப்பைப் பிடுங்கினேன். கீழே தங்கியிருந்த தண்ணீர் ஓடியது. எண்ணெய் தலைகாட்டியதும் ஆப்பை அடித்தேன். பிறகு துணியில் உப்பைப் பரப்பி எண்ணெயை வடித்தேன். மிச்ச ஈரத்தை உப்பு குடித்துக்கொண்டது.

சந்தைக் கூட்டத்தின் நடுவே விளக்கேற்றினேன். படபடவென்று பொரியவில்லை, சுடர் ஆடாமல் நின்றது. பொழுது சாய்வதற்குள் பீப்பாய் காலி.

"ஏர் ஓட்ட வேற ஆளப் பாருங்க மாமா" என்றேன். "போற வழியில, காளப்பநாயக்கன்பட்டியில இன்னும் டின் வேணும்னு சொல்லிட்டுப் போங்க."