லோகு உள்ளே இல்லை

கீரப்பாளையம் பக்கம் எந்த நோயாளி வீட்டிலிருந்து கிளம்பினாலும் லோகநாயகி அக்கா ஒரு காரியம் செய்வார். தெரு நடுவில் நின்று இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பி, மீன் கூடைக்காரி குரலில் சொல்வார். "நான் கெளம்பறேன். லோகு உள்ள இல்ல. கேட்டுக்கிட்டீங்களா, லோகு உள்ள இல்ல." ஏதாவது ஒரு வீட்டிலிருந்து "கேட்டாச்சி, போ" என்று பதில் வந்தால்தான் வண்டியைக் கிளப்புவார். வராவிட்டால் போய்க் கதவைத் தட்டுவார்.

எங்கள் டிரஸ்ட்டில் புதிதாகச் சேருகிற பிள்ளைகள் இதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் அந்த டிரஸ்ட்டின் வேன் டிரைவர், பெயர் இளவரசு. டிரைவர் ஸ்டியரிங்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பார்கள். இதை மட்டும் சொல்லாமல் விட மாட்டேன்.

லோகு அக்கா சேவை செய்ய வந்தவர் இல்லை. அதை அவரே சொல்வார். படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ள ஆள் எடுக்கிறோம், பயிற்சிக்கு வந்தால் மத்தியானச் சாப்பாடும் ஒரு சேலையும் உண்டு என்றார்கள். நூறு நாள் வேலை நின்றுபோயிருந்த நேரம். சேலைக்காகப் போனார். புண் கழுவவும், ஆளைப் புரட்டிப் போடவும், மூத்திரக் குழாயைச் சுத்தம் செய்யவும் கற்றுக்கொண்டு வந்தார். தன்னார்வலர் என்று பெயர். பெட்ரோலுக்கும் வெற்றிலைக்கும் ஆகிற மாதிரி ஏதோ கொடுப்பார்கள்.

வாய் ஜாஸ்தி, கோபம் அதைவிட ஜாஸ்தி. மகன் அன்பரசு திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். "ஊரான் பீய அள்ளுனது போதும்மா, இங்க வந்துடு" என்று போன் பண்ணும்போதெல்லாம் சொல்வான். "ஒன் பீயயும் நான்தான்டா அள்ளுனேன், அப்ப நல்லாருந்துச்சா" என்பார். தலையில் பூ இல்லாமல் வெளியே வர மாட்டார். புருஷன் செத்தவளுக்குப் பூ எதுக்கு என்று கேட்ட ஒருவருக்கு அவர் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது.

அவர் பார்த்தவர்களில் ஒருவர் தேவநாதன். வைக்கோல் லோடு மேல் உட்கார்ந்து வந்தவர், வேகத்தடையில் டிராக்டர் தூக்கிப் போட்டதில் தலைகுப்புற விழுந்தார். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. வாய் மட்டும் நன்றாக வேலை செய்யும். மனைவி ஸ்ரீமதிக்குச் சிதம்பரத்தில் துணிக்கடை வேலை. அவள் பஸ் ஏறப் போவதற்கு முன் அக்கா வந்துவிடுவார். சாயங்காலம் அவள் வந்து செருப்பைக் கழற்றிய பிறகுதான் கிளம்புவார். இந்த இரண்டு பேரில் ஒருத்தர் இல்லாமல் அந்த வீடு ஒரு நாளும் இருந்ததில்லை.

ஆரம்பத்தில் தெருவில் முணுமுணுப்பு இருந்தது. காலனிப் பொம்பளை நடுவீடு வரைக்கும் போகிறாள் என்று. தேவநாதன் படுத்த இடத்திலிருந்தே கத்தினார். "அப்ப நீங்க வந்து கழுவி வுடுங்கடா." முணுமுணுப்பு அடங்கியது. ஆனால் அதோடு தெருக்காரர்கள் எட்டிப் பார்ப்பதும் குறைந்துபோனது. அந்த வீட்டுக்குத்தான் லோகு இருக்கிறாளே என்று ஆகிவிட்டது.

மூக்கில் ஈ உட்கார்ந்தால் லோகு. டிவி மாற்ற லோகு. தலையணை நகர்ந்தால் லோகு. "லோகு, லோகு" என்று நாள் முழுக்க அங்கிருந்து சத்தம் வரும். "என்னா மகாராஜா, ஒரு ஈய தொரத்த படையே வரணுமா" என்று அக்கா சத்தம் போடுவதும் கேட்கும். "தேவநாதன் ஜபத்த ஆரம்பிச்சிட்டாரு" என்பார் எதிர்வீட்டுத் தங்கம்மாள். மாவு மில் சத்தம் போலத் தெருவுக்கு அது பழகிவிட்டது. அந்தச் சத்தம் கேட்டால் லோகு வந்துவிட்டாள் என்று அர்த்தம்.

தெருவின் கடைசி வீடு அது, வடிகால் வாய்க்காலை ஒட்டியது. மழை வலுத்தால் தண்ணீர் முதலில் அங்கேதான் நுழையும். இறக்கிக் குளிப்பாட்ட வசதியாக இருக்கட்டும் என்று அவருக்குத் தாழ்வான கட்டில் போட்டிருந்தார்கள். வாய்க்கால் ததும்புகிறது என்றால் அக்காதான் நாலு பேரை அதட்டிக் கூப்பிட்டு, அவரைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் படுக்க வைப்பார். ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகையிலும் இது உண்டு.

இப்போது விழாவுக்கு வருகிறேன். டிசம்பர் ஐந்து தன்னார்வலர் தினமாம். எந்த ஊர்க்காரன் குறித்த நாளோ, எங்கள் கடலூர் மாவட்டத்தில் அது வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிற வாரம். அந்த வாரத்தில்தான் மஞ்சக்குப்பத்தில் மண்டபம் பிடித்து, ஊர் ஊராக வேன் அனுப்பி, எங்கள் ஆட்களை அள்ளிக்கொண்டுபோய்ப் பாராட்டுவார்கள். பாராட்டு என்றால், நன்கொடை தந்தவருக்குப் பொன்னாடை, அவர் மாப்பிள்ளைக்குப் பொன்னாடை. அக்கா கீழே உட்கார்ந்து கை தட்டிவிட்டு வருவார். ஒரு வருஷம் மைக் செட்காரருக்கே போர்த்திவிட்டார்கள். "பாத்தியா எளவரசு, மைக் செட்டுக்காரனுக்குப் போட்டானுங்க. அப்ப நான் என்னா, பந்தல் காலா" என்று திரும்பி வரும்போது கேட்டார். வேனே சிரித்தது. ஆனால் அவருக்கு அந்தப் பொன்னாடை மேல் நிஜமாகவே ஆசை. ஆசைப்பட்டால் என்ன தப்பு? ஊர்ப்பட்ட புண்ணைக் கழுவிய கை அது.

அடுத்த வருஷம் அவர் பெயர் வந்தது. மாம்பழக் கலரில் ஜாக்கெட் தைத்துக்கொண்டார். முதல் நாள் சாயங்காலம் ஸ்ரீமதியிடம் கேட்டார். "நாளைக்கு லீவு போட்டுட்டல்ல?"

"போட்டுட்டேன்க்கா. நீ கவலப்படாம போயிட்டு வா."

அவள் பொய் சொல்லவில்லை. லீவு போட்டிருந்தாள். ஆனால் விழாவை நடத்திய ஸ்ரீதர் சார் அவளுக்கு ஏற்கெனவே போன் பண்ணியிருந்தார். கெட்டவர் இல்லை, எதிலும் ஒரு சர்ப்ரைஸ் வைக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான். பொன்னாடையை நீங்கள்தான் வந்து போர்த்த வேண்டும், கார் அனுப்புகிறேன், லோகுவிடம் மூச்சு விடக் கூடாது, வீட்டு ஆட்களிடம்கூட விஷயத்தைச் சொல்ல வேண்டாம் என்றிருக்கிறார். அவள் மச்சினன் பாலகுமாரைக் கூப்பிட்டு, "ஒரு விசேஷத்துக்குப் போயிட்டு வந்துடறேன், அண்ணன்கூட இரு" என்று மட்டும் சொன்னாள். யாருக்கு விசேஷம் என்று சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அன்று காலையில் எனக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது.

காலையில் தூறல். போகிற வழியில் வேனை நிறுத்தச் சொல்லி அக்கா அந்த வீட்டுக்குள் போனார். நான் வாசலில் நின்றேன். ஸ்ரீமதி அடுப்படியில் இருந்தாள். தேவநாதன் அக்காவை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னா லோகு, பொண்ணு பாக்க வராங்களா?"

"ஒனக்குப் பொறாமைய்யா."

"அந்தப் பொன்னாடய நேரா இங்க எடுத்துக்கிட்டு வா. எனக்குத்தான் போத்தணும். படுத்துக் கெடந்து ஒன்னப் பெரிய ஆளாக்குனவன் நான்."

"கொண்டாரேன், கொண்டாரேன். போத்திக்கிட்டுச் சாவு" என்றார் அக்கா. அவர்கள் பேச்சே அப்படித்தான். இரண்டு பேரும் சிரித்தார்கள். வெளியே வந்தவர் வாய்க்காலைப் பார்த்தார். படித்துறையில் மேல்படி ஒன்றுதான் முழுகாமல் இருந்தது. "ஸ்ரீமதி, தண்ணி மேல வந்தா ஆளுங்கள கூப்புடு, தனியா தூக்காத" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு ஏறினார்.

புவனகிரிப் பாலத்தில் வெள்ளாறு கலங்கிப்போய் இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு ஓடியது. பி.முட்லூர் தாண்டியதும் மழை கொட்ட ஆரம்பித்தது. வைப்பர் போட்டும் ரோடு தெரியவில்லை. வேனில் பாட்டுப் போட்டிருந்த பிள்ளைகள் அதை நிறுத்திவிட்டார்கள். "அதான் ஸ்ரீமதி இருக்காளே" என்றார் அக்கா. யாரும் அவரை எதுவும் கேட்கவில்லை. ஆலப்பாக்கம் வருவதற்குள் அதையே இன்னொரு தடவையும் சொன்னார்.

சிறப்பு விருந்தினர் மழையைக் காரணம் காட்டி மத்தியானம்தான் வந்தார். அதுவரை எல்லாரையும் உட்கார வைத்திருந்தார்கள். அக்கா தேவநாதன் வீட்டில் கிடக்கிற போனுக்குப் போட்டுப் பார்த்தார். ரிங் போகவில்லை. மழையில் டவர் போயிருக்கும் என்று யாரோ சொன்னார்கள்.

அக்கா பெயரைக் கூப்பிட்டார்கள். மேடை ஏறினார். ஸ்ரீதர் சார் மைக்கைப் பிடித்து, "இந்தப் பொன்னாடைய போத்தப் போறது யாருன்னு லோகு அக்காவுக்கே தெரியாது" என்றார். பக்கவாட்டுத் திரையை விலக்கிக்கொண்டு, கையில் சால்வையுடன் ஸ்ரீமதி சிரித்தபடி வந்தாள். மண்டபம் முழுக்கக் கைதட்டல். அவள் சால்வையைப் போர்த்தினாள். கேமராக்காரர் முன்னால் ஓடிவந்தார்.

அக்கா வாயைத் திறந்தார், அந்த நேரம் பார்த்து ஃபிளாஷ் அடித்தது. பக்கத்தில் மைக் இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. "நீ இங்க வந்துட்டா, அங்க யாருடி இருக்கா?"

பாசத்தில் கேட்கிறார் என்று நினைத்து ஜனங்கள் சிரித்தார்கள். இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

"பாலகுமாரு இருக்கான்க்கா" என்றாள் ஸ்ரீமதி. அதற்குள் அக்கா மேடையில் நின்றபடியே அவனுக்குப் போன் போட்டார். அந்த லைன் கிடைத்தது.

"நான் வயல்ல இருக்கேன்க்கா. வரப்பு ஒடைஞ்சிக்கிட்டுப் போச்சி, சம்பா பூரா முழுகுது. அண்ணன் தூங்கிச்சி. நீ வர நேரம்தானேன்னு கதவச் சாத்திட்டு அப்பவே வந்துட்டேன்." பிறகு கேட்டான். "ஏன்க்கா, நீ அங்க இல்லியா?"

அக்கா மேடையிலிருந்து இறங்கிய வேகத்தில் செருப்பை விட்டுவிட்டு வந்தார். ஸ்ரீமதி பின்னால் ஓடிவந்தாள். சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்று ஸ்ரீதர் சார் குறுக்கே வந்தார். நான் அவரைக் கையால் ஒதுக்கிவிட்டு வண்டியை எடுத்தேன். வேலை போனால் போகட்டும் என்று இருந்தது.

அந்த ரோட்டை நான் இன்றைக்கும் கனவில் ஓட்டுகிறேன். எங்கே பார்த்தாலும் தண்ணீர். ஸ்ரீமதி தங்கம்மாளுக்குப் போன் போட்டுக்கொண்டே வந்தாள், லைன் கிடைக்கவே இல்லை. "சொல்லக் கூடாதுன்னாங்கக்கா, சொல்லக் கூடாதுன்னாங்க" என்று அதையே சொன்னாள். திட்டுவதற்கு அக்காவுக்கு வார்த்தை பஞ்சமா? ஆனால் அன்றைக்குத் திட்டவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடியே வந்தார். சால்வை தோளிலேயே கிடந்தது.

தெருமுனைக்கு மேல் வேன் போகவில்லை. வாய்க்கால் கரை உடைந்திருந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நடந்தோம். அந்த வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. பாலகுமார் வயலிலிருந்து எப்படியோ நீந்தி வந்து சேர்ந்திருந்தான். கட்டில் தண்ணீருக்குள் இருந்தது. அவன் கட்டில்மேல் உட்கார்ந்து அண்ணன் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். இனிமேல் அப்படிப் பிடித்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று பார்த்த உடனே தெரிந்தது.

ஸ்ரீமதி அலறிக்கொண்டு போய் விழுந்தாள். அக்கா கட்டிலருகே போனார். வழக்கம்போல முகத்தைத் துடைத்துவிட்டார், காதுக்குள் இருந்த தண்ணீரைச் சேலை முனையால் ஒற்றி எடுத்தார். பிறகு தோளில் இருந்த பொன்னாடையை எடுத்து அவருக்குப் போர்த்தினார்.

வாசலில் தெருக்காரர்கள் கூடிவிட்டார்கள். தங்கம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, அக்காவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். ஈரச் சேலையும் மாம்பழக் கலர் ஜாக்கெட்டும் அவருக்குப் புரியவில்லை.

"நீ இப்பதான் வரியா லோகு?"

"ஆமா."

"எங்க வூட்லயும் தண்ணி பூந்துடுச்சி. சாமான மேல ஏத்திக்கிட்டு இருந்தோம்." தங்கம்மாள் கட்டிலைப் பார்த்தார். "அவரு லோகு லோகுன்னு கூப்புட்டுக்கிட்டேதான் இருந்தாரு. ரொம்ப நேரம் கூப்புட்டாரு. நீ உள்ளதான் இருக்கேன்னு நெனச்சிட்டோம்."

அக்கா அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் ஸ்ரீமதியும் சேர்ந்துதான் தூக்கினோம்.

ஸ்ரீதர் சார் வேலையை விட்டுப் போய்விட்டார். அக்கா போகவில்லை. காரியம் முடிந்த மறுநாள் கீரப்பாளையத்தில் அடுத்த நோயாளி வீட்டுக்குப் போனார். கிளம்பும்போது தெருவில் நின்று முதல் தடவையாக அதைச் சொன்னார்.

இந்த வருஷ விழாவுக்கு ஃபிளெக்ஸ் அடித்து வந்தது. ஆபீசில் புதிதாகச் சேர்ந்த அருள்மொழிக்கு இதெல்லாம் எதுவும் தெரியாது. கம்ப்யூட்டரில் கிடந்த பழைய போட்டோக்களில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கிப் போட்டிருக்கிறாள். பொன்னாடையோடு அக்கா, முகம் நிறைய வெளிச்சம், வாய் திறந்திருக்கிறது. கீழே 'சேவையின் மகிழ்ச்சி' என்று பெரிய எழுத்து. நான் கிழிக்கத்தான் போனேன். அக்கா என் கையைப் பிடித்தார்.

"எவ்ளோ சந்தோஷமா இருக்கீங்கக்கா இதுல" என்றாள் அருள்மொழி.

"அது சிரிப்பு இல்ல கண்ணு" என்றார் அக்கா. "அங்க யாரு இருக்காங்கன்னு கேட்டுக்கிட்டு இருக்கேன்."

அவள் புரியாமல் என்னைப் பார்த்தாள். வெளியே மழை பிடிக்கிற மாதிரி இருந்தது. அக்கா தலைப்பூவைச் சரிசெய்துகொண்டு, விழாவுக்குத் தான் வரவில்லை என்று எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு, வண்டியை எடுக்கப் போனார்.