பதினோரு சிப்ஸ்

போன வாரம் இந்தப் பத்தி வரவில்லை. ‘டீச்சருக்கு உடம்பு சரியில்லையா?’ என்று சிலர் விசாரித்திருந்தீர்கள். எனக்கு ஒன்றுமில்லை. அத்தானுக்குத்தான்... அதுவும் என்னால்.

அத்தான் என்றால் என் அக்கா கிரேஸின் வீட்டுக்காரர். வீடு தச்சநல்லூரில். அரசாங்க ஆபீஸில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். நாலு மாதத்துக்கு முன்பு இதயம் பலவீனமாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து அவருக்கு உப்பு, அளந்துதான். ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து முக்கால் டீஸ்பூன். அதற்கு மேல் போனால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும். நுரையீரல் வரைக்கும் ஏறும்.

அக்கா காலையில் எழுந்ததும் அந்த முக்கால் டீஸ்பூனை ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுவாள். அவருக்கென்று தனிச் சமையல். மூன்று வேளைக்கும் அந்தக் கிண்ணம்தான். தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

அத்தான் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். நாலு மணியைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. நம் ஊர்க்காரர்களுக்கு நாலு மணிக் காப்பியோடு கடிக்க ஒன்று வேண்டாமா? காராச்சேவோ, மிக்சரோ... முப்பது வருஷ ஆபீஸ் பழக்கம் வேறு.

“டீச்சரம்மா, கடமுடன்னு ஒண்ணைக் கடிச்சு நாலு மாசமாச்சு. வாயி இருக்குதா இல்லையான்னே தெரியல” என்றார் ஒரு நாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு மனசு கேட்கவில்லை.

சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனேன். கேழ்வரகு சிப்ஸ். பச்சை இலைப் படம் போட்ட பாக்கெட். ‘எண்ணெயில் பொரிக்காதது’, ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று முன்பக்கம் கொட்டை எழுத்து. இதற்கெல்லாம் மயங்குகிற ஆளா நான்? முப்பது வருஷம் பயாலஜி எடுத்தவள். ‘பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்’ என்று இதே இடத்தில் உங்களுக்கு எத்தனை தடவை எழுதியிருப்பேன்!

திருப்பிப் பார்த்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பொடி எழுத்தில் தேடிப் பிடித்தேன். சோடியம் (உப்பு அந்தப் பெயரில்தான் இருக்கும்), இருநூறு மில்லிகிராம். அட, இவ்வளவுதானா! ஆறு பாக்கெட் எடுத்துப் பையில் போட்டேன்.

“அக்கா, நான் படிச்சுப் பாத்துட்டேன். தைரியமாக் குடு” என்றேன்.

“நீ சொன்னா சரிதாம்ட்டி” என்றாள்.

அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்கு ஒரு பாக்கெட். ஒரு மழை நாளில் இரண்டு. தீரத் தீர நானே வாங்கிக் கொடுத்தேன். அத்தான் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. எனக்கும் பெருமைதான்... மறைப்பானேன்?

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. வேதக்கோவிலில் பாட்டுக்கு எல்லோரும் எழுந்தோம். அத்தான் எழவில்லை. மூச்சு வாங்கியது. பாதம் வீங்கி, செருப்பு வார் தோலில் பதிந்திருந்தது. ஆராதனை பாதியில் ஆட்டோ பிடித்து பாளையங்கோட்டைக்கு ஓடினோம்.

ஆஸ்பத்திரியில் இருந்த இளம் டாக்டர் என்னிடம் பிளஸ் டூ படித்த பிள்ளை. அன்று சாயங்காலம் அக்காவை நிற்க வைத்துக் கேட்டாள். “உப்பு கூடுதலா போயிருக்கு. என்ன குடுத்தீங்க?”

“கிண்ணத்துல அளந்துதாம்மா போடுதேன். வேதத்து மேல கை வச்சுச் சொல்லுதேன்.”

“அப்போ எப்படி இவ்வளவு நீர் கோக்கும்? ஒங்களுக்குத் தெரியாம ஒளிச்சுத் தின்னுதாரா?”

ஆக்சிஜன் மாஸ்க்குக்குள் இருந்தபடியே அத்தான் ‘இல்லை’ என்று தலையை ஆட்டினார். அந்த ஆட்டலுக்கே அவருக்கு மூச்சு இளைத்தது. அக்கா கைப்பையைத் துழாவி ஒரு பாக்கெட்டை எடுத்தாள். மத்தியானம் பழைய மருந்துச் சீட்டை எடுக்க வீட்டுக்குப் போனவள், ஆஸ்பத்திரியிலும் நாலு மணி வருமே என்று கொண்டுவந்திருக்கிறாள்!

“வெளியில வாங்குனது இது ஒண்ணுதாம்மா. டயட் அயிட்டம்லா?”

டாக்டர் திருப்பிப் பார்த்தாள். பொடி எழுத்தில் ஓர் இடத்தில் விரலை வைத்தாள். “இருநூறுன்னு போட்டிருக்கது ஒரு சர்விங்குக்கு. சர்விங்னா ஒரு ஆள் பங்கு, இருபது கிராம். பாக்கெட்ல நூறு கிராம் இருக்கு. அஞ்சால பெருக்கணும்லா?”

ஐந்தால் பெருக்கினேன். ஆயிரம். உப்புக் கணக்கில் அரை டீஸ்பூன். அக்கா கிண்ணத்தில் அளந்தது போக, தினமும் இன்னொரு அரை டீஸ்பூன்! பக்கத்துக் கட்டத்திலேயே ‘நூறு கிராமுக்கு’ என்று ஆயிரத்தை அச்சடித்துத்தான் இருக்கிறார்கள். கம்பெனி பொய் சொல்லவில்லை. நான் பார்க்கவில்லை.

“யாரு வாங்குனது இதை?”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். “நாந்தாம்மா. எனக்கு என்ன தெரியும்? படத்தைப் பாத்து வாங்கிட்டேன்.”

டாக்டர் அக்காவை நன்றாக ஏசினாள். ஏச வேண்டியதுதான். ‘வீட்டில் உப்புக் கட்டுப்பாடு சரியில்லை’ என்று ஃபைலிலும் எழுதினாள். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள். “டீச்சர், ஒங்க பத்தியை வாரா வாரம் படிக்கேன். அம்மாவுக்கும் படிச்சுக் காட்டுதேன். அக்காவுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுக்கக் கூடாதா?”

நான் சிரித்தேன். ஆமாம், சிரித்துவைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

வெளியே வராந்தாவில் அக்கா கையைப் பிடித்துக்கொண்டேன். “ஏன்க்கா அப்படிச் சொன்ன?”

“ஏட்டி, நீ படிச்சுக் குடுத்த பிள்ளை. அவ முன்னால நீ தலைகுனிஞ்சு நிக்கணுமாக்கும்? நாலு ஏச்சு கேட்டா நான் தேஞ்சா போயிருவேன்?” என்றவள், உடனே அழுதாள். “அவியளுக்கு ஒண்ணும் ஆயிராதுல்லாட்டி?”

நான் ‘தைரியமாக் குடு’ என்று சொல்லித்தானே இவ்வளவும்!

மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போனபோது, சமையலறைத் தராசில் இருபது கிராம் சிப்ஸை நிறுத்துப் பார்த்தேன். எண்ணினேன். பதினொன்று. ஒரு கைப்பிடிகூட இல்லை. பதினோரு சிப்ஸை எண்ணித் தட்டில் வைத்துவிட்டு, மிச்சத்தை மடித்துக் கிளிப் போடுகிற வீடு எது? எனக்குத் தெரிந்து தாமிரபரணிக்கு இந்தக் கரையிலும் இல்லை, அந்தக் கரையிலும் இல்லை. நாம் பாக்கெட்டைப் பிரித்தால் அடித்தூள்வரை தட்டித்தான் பழக்கம். தட்டில் விழுவது ஐந்து பேர் பங்கு; நாம் படிப்பது ஒருவர் பங்கு.

ஐந்தாம் நாள் அத்தான் வீடு திரும்பினார். பாதம் வற்றிவிட்டது. குரல் இன்னும் தேறவில்லை. நேற்று கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டு போனேன். அக்கா பழத்தைக் கையில் எடுத்து, தன்னையறியாமல் ஒரு தடவை திருப்பிப் பார்த்தாள்.

அடுத்த மாதம் செக்கப்புக்கு அந்த ஃபைலைத் தூக்கிக்கொண்டு அக்காதான் போகவேண்டும். அதனால் இந்த வாரம், அம்மாவுக்குப் படித்துக் காட்டும் அந்த டாக்டர் பிள்ளைக்கு ஒரு வார்த்தை.

ஃபைலில் அந்த வரியை அடித்துவிடும்மா... பாக்கெட்டை வாங்கியது உன் டீச்சர்.