பிள்ளை முதுகை மிதிக்கமாட்டேன்

தாய் வயித்திலிருந்து கால் முன்னால வந்து பிறந்தவள் நான். அப்படிப் பிறந்தவங்க மிதிச்சா இடுப்புப் பிடிப்பு விட்டுடும்னு எங்க ஊரு அடி அண்ணாமலையில ஒரு நம்பிக்கை. நாலு பேர் முன்னால வாய் திறக்கவே கூச்சப்படுற என்னைக் கூப்பிட்டு, குப்புறப் படுத்துக்கிட்டு, "மிதிம்மா"ன்னுவாங்க. பட்டும்படாம மிதிச்சுட்டு உள்ளே போயிடுவேன்.

போன வருஷம் தம்பி மகளுக்கு இடுப்பு வலி. பன்னெண்டு வயசு. மாத்திரையும் ஓய்வுமா இருந்தும் வலி காலுக்கு இறங்கிச்சு. நடக்கும்போது ஒரு செருப்பு கழண்டு பின்னாலேயே கிடக்கும், அவளுக்குத் தெரியாது. தம்பியும் நானும் சென்னைக்குக் கூட்டிட்டுப் போனோம். ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா, "முதுகெலும்புக்கு நடுவுல இருக்கிற டிஸ்க் பிதுங்கி நரம்பை நசுக்குது. பிள்ளைங்களுக்கு இது ரொம்ப அபூர்வம். கால்ல பலம் கம்மியாகிட்டே வருது. ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீங்க"ன்னாங்க.

ஊருக்கு வந்ததும் பிள்ளையோட தாய்மாமன் சொந்தக்காரங்களோட வந்துட்டார். "சின்னப் பொண்ணுக்கு ஏது டிஸ்க்கு? அது மூட்டை தூக்குறவனுக்கு வர்றது. வைத்தியத்தை வீட்டிலேயே வச்சுக்கிட்டு சென்னைக்கு எதுக்கு ஓடறீங்க?" சொல்லிக்கிட்டே பாயை விரிச்சுப் பிள்ளையைக் குப்புறப் படுக்க வச்சார். "வாங்கக்கா, மிதிங்க."

பிள்ளை பாயைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு, "வேணாம் அத்தை"ன்னா.

"மாட்டேன்"னேன்.

"ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் மிதிக்கிறீங்க. எங்க பொண்ணுக்கு மட்டும் உங்க காலு நோவுதாக்கா?"

எல்லாரும் சிரிச்சாங்க. தம்பி தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அதுதான் எனக்குத் தாங்கல. டாக்டரம்மா சொன்னதை என் பக்கத்துல உட்கார்ந்து கேட்டவன் அவன்.

"நசுங்கின நரம்பு மேல ஏறி நிக்கச் சொல்றீங்களே, நீங்கல்லாம் மனுஷங்களா? அஞ்சாங்கிளாஸ் படிச்ச எனக்கே அந்தம்மா சொன்னது புரிஞ்சுது. நாளைக்கு இவ காலை இழுத்துக்கிட்டு நடந்தா, எல்லாம் அண்ணாமலையார் சோதனைன்னு கற்பூரம் ஏத்திட்டுப் போயிடுவீங்க. டேய், வண்டிக்குச் சொல்லுடா!"

என் வாழ்நாள்ல நான் அப்படிக் கத்தினதில்ல. தம்பி, தன் மச்சானையும் பிள்ளையையும் மாத்தி மாத்திப் பார்த்தான். அப்புறம் பிள்ளையைப் பாயிலிருந்து மெதுவாத் தூக்கினான்.

ஆபரேஷன் முடிஞ்சு அவ கண் முழிச்சதும் டாக்டரம்மா பாதத்தைத் தூக்கச் சொன்னாங்க. கொஞ்சமாத்தான் தூக்கினா. "வரும், நாளாகும்"ன்னாங்க. நான் முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டிருந்தேன், போன் அடிச்சுது. தாய்மாமன்.

"தழும்பு எவ்வளவு பெரிசுக்கா? நாளைக்கு ஒருத்தன் கையில பிடிச்சுக் கொடுக்கணுமே."

"கால் அசையுதான்னு கேளுங்க முதல்ல!"ன்னு போனை வச்சுட்டேன். அவர் திரும்பக் கூப்பிட்டார். நான் எடுக்கல.